துண்டு இருக்கோ?

முகப்பருவுக்கு ட்ரெட்டினோயின் பூசுவதா, கடையில் விற்கிற ரெட்டினோல் சீரம் போதுமா? எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குரூப்பில் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வருகிறது. பதிலும் மாறாது: டொக்டர் துண்டுக்குக் கிடைப்பது ‘ஸ்ட்ரோங்’, துண்டில்லாமல் கிடைப்பது ‘லைட்’. அவசரம் என்றால் ஸ்ட்ரோங், பயம் என்றால் லைட்.

இந்தப் பிரிப்பே பிழை என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குத் தோழி ஒருத்தியோடு போயிருந்தேன். ட்ரெட்டினோயின் கேட்டாள். “துண்டு இருக்கோ?” என்று எவரும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பொயின்ட் ஸீரோ டூ ஃபைவா, பொயின்ட் ஸீரோ ஃபைவா தங்கச்சி?” அவளுக்கு எப்படித் தெரியும்? பெரிய நம்பரைச் சொன்னாள். குடுத்தார்கள்.

அப்ப சட்டப்படி துண்டுக்கு மட்டும் விற்கவேண்டியதும் சும்மா விற்கிறதும் ஒரே கவுண்டரில், ஒரே மாதிரித்தான் கைமாறுகிறது. மிஞ்சுவது டியூப்பில் உள்ள எண் மட்டும்.

கொஞ்சம் விஞ்ஞானம். இவை எல்லாம் விட்டமின் ஏ குடும்பம். ரெட்டினோலைப் பூசினால் அது தோலுக்குள்ளே முதலில் ரெட்டினல்டிஹைட் ஆகி, பிறகு ரெட்டினொயிக் அமிலமாக மாறினால்தான் வேலை செய்யும். வழியிலேயே நிறைய வீணாகிவிடும். ட்ரெட்டினோயின் என்பது அந்த அமிலமேதான், நேரடியாக. அடாபலீன் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட தம்பி. வெளிச்சத்தில் சிதையாது, எரிச்சலும் குறைவு. அமெரிக்காவில் ட்ரெட்டினோயினுக்கு 1971இல் அனுமதி கிடைத்தது, இன்றுவரை துண்டுக்குத்தான். 0.1 வீத அடாபலீனை 2016இல் துண்டில்லாமல் விற்க விட்டார்கள். அதே அடாபலீனுக்கு பிரித்தானியாவில் டொக்டரிட்டப் போகவேணும். மருந்து ஒன்றுதான், எல்லை கடந்தால் ‘லைட்’ ‘ஸ்ட்ரோங்’ ஆகிவிடுமா? துண்டு அளப்பது வீரியத்தை மட்டும் அல்ல. கொடுக்கமுதல் யாராவது உங்களிடம் நாலு கேள்வி கேட்கவேண்டுமா என்பதையும்தான் அது சொல்கிறது.

எங்கள் தோலுக்கு அந்தக் கேள்விகள் இன்னும் முக்கியம். மாநிறத் தோலில் எரிச்சல் வந்தால் அது சிவந்து மறைவதோடு முடியாது, கறுத்த தடமாக மாதக்கணக்கில் நிற்கும். பரு போய்த் தழும்பு வந்த கதை. அதனால்தான் குறைந்த அளவில், ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒன்றுவிட்ட ஒருநாள் இரவு, பகலில் சன்ஸ்கிரீன் என்று ஆரம்பிக்கச் சொல்வார்கள். பலன் தெரிய எட்டு தொடக்கம் பன்னிரண்டு வாரம் எடுக்கும், முதல் வாரங்களில் பரு கூடவும் செய்யலாம். இதை எவரும் சொல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே டியூப்பை எறிந்துவிட்டு இன்னும் பெரிய நம்பரைத் தேடிப் போவோம்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் வீடுகளுக்கு ட்ரெட்டினோயின் முதலில் வந்தது பருவுக்காக இல்லை, வெள்ளையாவதற்காக. சென்னைக்குக் கலியாண உடுப்பு எடுக்கப் போன அன்ரி சூட்கேசில் கொண்டுவந்து, கொட்டாஞ்சேனையில் நாலு வீட்டுக்குப் பங்கு வைக்கிற கிறீம் இருக்கிறதே, அதில் பெரும்பாலும் மூன்று சாமான் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டெரொயிட். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேர்ட் க்ளிக்மன் எழுதிய சேர்க்கையின் வாரிசு அது. (சிறைக்கைதிகளின் தோலில் பரிசோதனை செய்த அதே மனிதர்தான், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, மங்குக்குக் கொஞ்சக் காலம் பூசவேண்டிய மருந்து. எங்களிடம் அது நாள்தோறும் பூசுகிற பேஸ் கிறீம். முதல் மாதம் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவப்பு, எரிவு, பரு, மெலிந்த தோல். இந்தியத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டெரொயிட்டால் பழுதான முகம்’ என்று இதற்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த அன்ரிமார் ரெட்டினோல் சீரத்தைப் பார்த்து “கெமிக்கல், பூசாதே” என்பார்கள், அதுதான் பகிடி.

இன்னொன்று, எவரும் வாய்விட்டுப் பேசாதது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயற்சிப்பவர்களும் ரெட்டினொயிட் எதையும் பூசக்கூடாது என்பதுதான் பொது அறிவுரை. குளிசையாக வரும் ஐசோட்ரெட்டினோயின் இன்னும் பாரதூரமானது: வயிற்றுப்பிள்ளைக்குக் கடும் குறைபாடுகளை உண்டாக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்கக்கூடாது. இதை ஒரு இருபத்தியொரு வயதுப் பிள்ளையிடம், பக்கத்தில் அம்மா நிற்க, கவுண்டரில் யார் கேட்பார்? கேட்டால் அம்மா சண்டைக்கு வருவா. கலியாணம் கட்டாத பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்கவேண்டிய கேள்விதான். தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு, டொக்டர் கேட்கவேண்டியது. கவுண்டரில் துண்டைத் தவிர்க்கும்போது நாங்கள் இழப்பது அந்த அறையைத்தான்.

என்னிடம் கேட்டால், சின்னச் சின்னப் பரு என்றால் அடாபலீன், பெட்டியில் அளவும் எச்சரிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து. ரெட்டினோல் சீரம் பருவுக்கு என்று காசைக் கொட்டத் தேவையில்லை. அந்த அழகான போத்தலுக்குத்தான் பாதி விலை. ஆழமான, வலிக்கிற, தழும்பு விடுகிற பரு என்றால் எந்த டியூப்பும் தேடவேண்டாம், நேரே டொக்டரிட்டப் போங்கோ. பிரைவேட்டில் சனல் பண்ணக் காசில்லையா? கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, இலவசம். காலமை போய் வரிசையில் நிற்கவேணும், ஒருநாள் லெக்சர் போகும். மூன்று மாதம் தவறான கிறீம் பூசுகிற செலவோடு பார்த்தால் ஒரு லெக்சர் பெரிசில்லை. போகும்போது வீட்டில் இருக்கிற டியூப் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கோ. அன்ரி தந்த பெயரில்லாத டப்பாவையும்.