ஊர் கூடி எழுதிய ஆய்வுக்கூட விதி

1976 கோடையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகர மன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னோர் உயிரில் ஒட்டும் நுட்பம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆராய்ச்சிக்கென ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஒரு கூடம் அமைக்கவிருந்தது. முந்தைய ஆண்டே விஞ்ஞானிகள் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடுகள் வகுத்திருந்தார்கள். மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சிக்கு அது போதவில்லை. ஊருக்குள் நடக்கப்போவதை ஊரும் அறிய வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆய்வை நிறுத்திவைத்துவிட்டு, நகரம் ஒரு குழுவை அமைத்தது. எண்ணெய் வணிகர், கன்னியாஸ்திரி, பொறியாளர், மருத்துவர் எனப் பலர் இருந்த அந்தக் குழுவில் மரபணு விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை. மாதக்கணக்கில் ஆதரவு, எதிர்ப்பு என இரு தரப்பு விஞ்ஞானிகளையும் எதிரெதிரே வைத்து விசாரித்தார்கள். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில், ஆய்வு நடக்கட்டும் என்றே சொன்னார்கள், கூடுதல் நிபந்தனைகளோடு. ஆய்வுக்குப் பயன்படும் கிருமி ஊழியர்களின் குடலில் தங்கிவிடுகிறதா என்று கண்காணிப்பதும் அவற்றில் ஒன்று! 1977 பிப்ரவரியில் அந்த நிபந்தனைகள் நகரச் சட்டமாயின. ஆராய்ச்சி ஊரை விட்டுப் போய்விடவில்லை. உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள்தாம் அந்த ஊரைத் தேடி வந்தன.

அதே நுட்பம் பின்னாளில் வீடுகளுக்குள் வந்தபோது அந்தப் பொறுமை காணாமல் போயிற்று. 2004 மே மாதம் பஃபலோ நகரில் ஸ்டீவ் கர்ட்ஸ் என்ற கலைஞரின் மனைவி இறந்துபோனார். உதவிக்கு வந்தவர்களின் கண்ணில் வீட்டிலிருந்த ஆய்வுக் கருவிகள் பட்டன. எஃப்.பி.ஐ. வந்தது, வீட்டை அடைத்தது, மனைவியின் உடலையும் கையகப்படுத்தியது. கலைக் காட்சிக்காக கர்ட்ஸ் வைத்திருந்தவை பெரிய தீங்கில்லாத பாக்டீரியாக்கள். உயிரி பயங்கரவாதம் என்ற சந்தேகம் பொய்த்ததும், 256 டாலர் மதிப்புள்ள பாக்டீரியாவைப் பெற்ற விதத்தைத் தபால் மோசடியாக்கி வழக்குப் போட்டார்கள். 2008-இல்தான் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். துக்கத்தில் இருந்த ஒரு மனிதரை நான்கு ஆண்டுகள் அலைக்கழித்ததில் யாருடைய பாதுகாப்பும் கூடவில்லை.

இன்றைய விதிகளோ இரு எல்லைகளில் நிற்கின்றன. ஜெர்மனியில் உரிமம் பெற்ற கூடத்துக்கு வெளியே மரபணுவை மாற்றினால் மூன்றாண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். கலிபோர்னியாவின் 2019 சட்டமோ மரபணு சிகிச்சைப் பெட்டிகளை விற்க ஓர் எச்சரிக்கை வாசகம் போதும் என்கிறது. முன்னது வீட்டில் ஆய்வு செய்யும் ஆர்வலரைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது அவரைத் தனியே விட்டுவிடுகிறது. 2010-இல் புரூக்ளினில் திறந்த ஜென்ஸ்பேஸ் போன்ற, பொதுமக்களும் பயன்படுத்தும் சமூக ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டியது பயிற்சி, கழிவை அழிக்கும் முறை, சந்தேகம் வந்தால் பயமின்றிக் கேட்க ஓர் அதிகாரி. விதி எழுத உட்காரும் அரசுகள் அந்த ஆர்வலர்களையும் அக்கம்பக்கத்தாரையும் ஒரே அறைக்கு அழைத்து, பேனாவை எடுக்கும் முன் காது கொடுத்துக் கேட்கட்டும்.