திங்கட்கிழமை மூச்சு

நோயுடன் வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்னும் உபதேசம் இந்நாளில் பெரிதும் மலிந்துவிட்டது. அதிகாலையில் நடங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், ஆவி பிடியுங்கள், மனத்தை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதாத மருத்துவப் பக்கம் இல்லை. இவ்வறிவுரைகளில் பிழை ஏதும் உண்டென நாம் கூறவில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் சாலையின் மர நிழலில் காலைநடை பயிலும் கனவான்களுக்கு இவை முற்றிலும் பொருந்தும். அதே நேரத்தில், சூலூரிலும் பல்லடத்திலும் வெள்ளகோவிலிலும் இரவு ஷிப்டு முடித்து, புருவத்திலும் தலைமயிரிலும் பஞ்சு படிந்தவர்களாய் ஆலைவாயிலைக் கடந்து வருகிறார்களே, அவர்களுக்கு இவை எவ்வாறு பொருந்தும்? எந்தக் காற்றை உள்ளிழுத்து அவர்கள் மூச்சுப்பயிற்சி செய்வது?

‘சமாளித்தல்’ என்றொரு சொல் நம்மிடையே புழங்குகிறது. வறுமையைச் சமாளிக்கிறோம், வாடகையைச் சமாளிக்கிறோம், நோயையும் சமாளிக்கிறோம். விதியால் வந்த நோயைப் பொறுமையோடு தாங்குவது மனிதப் பண்பு. அதை நாம் போற்றுகிறோம். பிறரது அலட்சியத்தால் வந்த நோயையும் அதே பொறுமையோடு தாங்கும்படி நோயாளிக்குப் போதிப்பது வேறு. அப்போதனையால் ஆதாயம் அடைவோர் யார் என்பதை வாசகர்கள் சிந்திக்க வேண்டும்.

பஞ்சாலைத் தொழிலாளியின் நெஞ்சடைப்பை எடுத்துக்கொள்வோம். மருத்துவ நூல்கள் இதற்கு ‘பிசினோசிஸ்’ என்று பெயரிட்டுள்ளன. மெல்லிய நாரையும் துணியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பருத்தியோடு கலந்துவரும் இலைத்துணுக்கு, காய்த்தோல் ஆகியவற்றின் தூசியும், அத்தூசியில் தங்கும் நுண்ணுயிர்களின் நச்சும் மூச்சுக்குழலைச் சுருக்குகின்றன. இந்நோய்க்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வார விடுமுறையை வீட்டில் கழித்தவன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகுகிறது, இருமல் பிடிக்கிறது. செவ்வாயன்று குறைகிறது, வாரக் கடைசியில் மறைந்தே போகிறது. மீண்டும் திங்கள் வந்ததும் அதே கதை. ஆண்டுகள் செல்லச் செல்லச் செவ்வாயும் புதனும் திங்களோடு சேர்ந்துகொள்கின்றன. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகூட மூச்சு விடுவதில்லை. அந்நிலையை எய்தியபின் ஆலையைவிட்டு நீங்கினாலும் நுரையீரல் முழுமையாக மீள்வதில்லை.

இவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தும் இந்நோய் ஏன் கண்ணில் படுவதில்லை? எக்ஸ்ரே படத்தில் இதற்கெனத் தனித்த தழும்பு ஏதும் தெரியாது. படத்தைப் பார்த்த மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார், அல்லது ஆஸ்துமா என்று எழுதிவிடுகிறார். ‘ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பான், அதனால் திங்கட்கிழமை தள்ளாடுகிறான்’ என்று கூறிவிடுவது மேஸ்திரிக்கு எளிது. பீடியின்மேல் பழிபோடுவது இன்னும் எளிது. புகைப்பழக்கம் இந்நோயை மிகுவிக்கும் என்பது உண்மையே. பீடியைத் தொட்டும் பாராத பெண் தொழிலாளிக்கும் இந்நெஞ்சடைப்பு வருகிறதே, அதற்கு எதன்மேல் பழிபோடுவது?

தொழிலாளியோ வெல்லத்தை நம்புகிறான். பஞ்சு தின்றவன் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் சரியாகிவிடும் என்பது ஆலை வட்டாரங்களில் வழிவழியாக வரும் நம்பிக்கை. வெல்லம் செல்லும் வழி இரைப்பைக்கு; தூசி செல்லும் வழி நுரையீரலுக்கு. தொண்டை சற்று இதமடையலாம். அதற்குக் கீழே நடப்பதை வெல்லம் அறியாது.

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். பெயரைக் கடன் வாங்கிய நாம், அப்பெயருக்குரிய ஊர்ப்பக்கம் தன் தொழிலாளிக்குக் கடைசியில் கொடுத்ததை மட்டும் கடன் வாங்க மறந்தோம். பிரிட்டனில் 1941ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கு இழப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. அதுவும் நிறைவானதன்று. கார்டிங் பிரிவில் 20 ஆண்டுகள் உழைத்த ஆண்களுக்கு மட்டுமே அது கிட்டியது. அதே தூசியை உண்ட பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். ஆயினும் ‘இது ஆலை தந்த நோய்’ என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய காரியமா?

நம் நாட்டில் சட்டமே இல்லையோ என்று ஐயுற வேண்டாம், இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸைச் சேர்த்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியனுப்புவது கடமை, தவறினால் அபராதம். ஊழியர் அரசு ஈட்டுறுதிச் சட்டமோ இதனைத் தொழில்வழி நோயாக ஏற்று, வேலையில் நேர்ந்த காயத்துக்குச் சமமாக வைத்தது. அந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் தமிழகத்தில் 1955இல் முதன்முதலாக அடியெடுத்து வைத்த ஊரும் இதே கோயம்புத்தூர்தான்! சிங்காநல்லூரில் பெரிய மருத்துவமனையே நிற்கிறது. எனினும் ஆஸ்துமா என்று சீட்டில் எழுதப்பட்ட கணத்திலேயே அச்சட்டங்கள் அனைத்தும் செயலிழக்கின்றன. ஆஸ்துமா நோயாளிக்கு மாத்திரை உண்டு, இழப்பீடு இல்லை. ஒரே ஒரு சொல்லால் நோய் ஆலையிலிருந்து கழன்று தொழிலாளியின் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்யும் ஒடியா இளைஞனுக்கும் பீகார் இளைஞனுக்கும் தாம் எந்த ஆலையில் எத்தனை ஆண்டுகள் உழைத்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்குமா என்பதே கேள்வி.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஏறத்தாழ 100 பெண்களை விசாரித்துச் செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கு அவர்களுக்கு வேலையிடத்திலேயே மாத்திரை தரப்பட்டது; அம்மாத்திரையின்மேல் பெயர் இல்லை. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று சொல்வாரும் இல்லை. அரைநாள் ஓய்வு எடுத்தால் கூலி போய்விடும் என்பதால் விழுங்கிவிட்டுத் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தார்கள். சமாளிப்பதன் உண்மையான முகம் இதுதான். இங்கே சமாளிக்கப்பட்டது வலியா, உற்பத்திக் கணக்கா?

அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். நாம் மனமாரப் பாராட்டுகிறோம். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டுவாயிலில் அளந்து, மாத்திரையும் கொடுத்த திட்டம் அது. வீட்டைத் தேடி வரும் மருத்துவம், நோய் பிறக்கும் இடத்தையும் தேடிச் செல்ல வேண்டாமா? மூச்சின் வேகத்தை அளக்கும் எளிய குழல் ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம்கூட வேண்டியதில்லை. திங்கட்கிழமை வேலைக்கு நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை ஊதச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வீழ்ச்சி, எக்ஸ்ரே சொல்லாததைச் சொல்லிவிடும். நம் ஆலைகளில் நூலின் தடிமனும் முறுக்கும் உறுதியும் நாள்தோறும் அளக்கப்படுகின்றன. அக்கலையை வளர்க்க 1956லேயே இந்நகரில் சிட்ரா என்னும் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நூலை அளக்க முடிந்த ஊருக்கு மூச்சை அளப்பது பெரும் பாரமா?

ஆலைகள் ஏற்கெனவே நலிந்து கிடக்கின்றன, இச்செலவைத் தாங்குமா என்பார்கள். இதே வாதத்தை அமெரிக்க ஆலையதிபர்களும் எழுப்பினர். 1978இல் அந்நாட்டு அரசு பருத்தித்தூசிக்கு உச்சவரம்பு விதித்தபோது வழக்குத் தொடுத்தனர். 1981இல் உச்சநீதிமன்றம் தொழிலாளியின் ஆரோக்கியத்தை இலாபநட்டக் கணக்குக்கு உட்படுத்தத் தேவையில்லை எனத் தீர்ப்பளித்தது. முன்பு அஞ்சியதைவிடக் குறைந்த செலவிலேயே காரியம் முடிந்தது என்பது பின்னர் தெரியவந்தது. நம் பெரிய ஆலைகள் சிலவும் தூசி உறிஞ்சும் இயந்திரங்களை நிறுவியிருக்கின்றன. அதை மறைப்பது நியாயமன்று. கழிவுப் பஞ்சை அரைத்து நூலாக்கும் சிற்றாலைகளில்தான் தூசி உச்சத்தில் நிற்கிறது. ஆய்வாளரின் ஜீப் அப்பக்கம் எப்போதாவதுதான் திரும்புகிறது.

அச்சிற்றாலைகளுக்கும் கீழே ஒரு கூட்டம் உண்டு. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சு கொட்டி, திரும்பத் தைத்துக் கொடுப்போர். நம் சமூகத்தவரும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருக்கின்றனர். இவர்கள் கூடத்துக்குத் தொழிற்சாலை என்று பெயர் இல்லை, ஆகவே ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. முகத்தில் கட்டிய கைக்குட்டைதான் இவர்களுடைய சட்டம். இவர்கள் இருமிக்கொண்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது, சீட்டு எழுதும் மருத்துவர் ஒரு கேள்வி கேட்கட்டும். இத்தாலிய மருத்துவர் ரமஸினி 1700ஆம் ஆண்டிலேயே தம் நூலில், நோயாளியிடம் மறவாமல் கேட்கும்படி சக மருத்துவர்களுக்குச் சொல்லிவைத்த கேள்விதான் அது: ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ பதில் வந்ததும், அதைச் சீட்டிலும் எழுதட்டும்.