நோயாளிக்குக் கண்ணும் காதும் உண்டு

‘மருந்து தீர்ந்துபோகும் ஆஸ்பத்திரியில் பாட்டு எதற்கு?’ சென்ற இதழில் மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியோடு தொடங்கி, இதையே தீர்ப்பாகவும் சொல்லி முடிகிறது. ஓவியர்களும் பாடகர்களும் கதைசொல்லிகளும் மருத்துவமனைக்குள் வந்து நோயாளிகளோடு சேர்ந்து நடத்தும் கலைத் திட்டங்கள் அத்தனையும் வீண் என்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் நான்கு: ஆதாரம் இல்லை, பணம் பாழாகிறது, மேல்நாட்டு மோகம், சிகிச்சைக்கு இடைஞ்சல். முதல் மூன்றும் தேடிப் படிக்காததால் வந்த பிழைகள். நான்காவது, நோயாளியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பிழை.

ஆதாரத்திலிருந்து தொடங்குகிறேன். 1984இல் ரோஜர் உல்ரிச் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு, ஏறத்தாழ 7,000 நோயாளிகளிடம் நடந்த 73 சோதனைகளை ஆராய்ந்தது. அறுவைசிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல்நலத்துக்குமான தொடர்பைப் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டியது. கட்டுரையாளர் இவற்றில் ஒன்றையாவது எடுத்து மறுத்திருந்தால் விவாதிக்கலாம். ஒன்றின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.

இந்த ஆய்வுகள் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவும் இல்லை. இசை கேட்டதால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை என்பதையும் அந்த ‘லான்செட்’ கட்டுரையே பதிவு செய்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வால் அவதிப்பட்ட 134 தாய்மாரிடம் லண்டனில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. குழந்தையோடு சேர்ந்து குழுவாகப் பாடியவர்களில், அறிகுறிகள் கூடுதலாக இருந்த தாய்மார் விரைவாகத் தேறினார்கள். எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. பலன் எதுவரை, யாருக்கு என்று எல்லை வகுத்துச் சொல்வது விஞ்ஞானத்தின் நேர்மை. தேடாமலே ‘இல்லை’ என்று அடித்துச் சொல்வது ஒரு மருத்துவருக்கு அழகல்ல.

அடுத்தது பணம். 1730களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மாடிப்படிச் சுவர்களுக்கு வில்லியம் ஹோகார்த் இரண்டு பேரோவியங்களைத் தீட்டினார், கூலி வாங்கவில்லை. 1959இல் அதே நகரத்தின் நரம்பியல் மருத்துவமனை ஒன்றில், ஷெரிடன் ரஸ்ஸல் என்பவரின் முயற்சியால், சுவர்களில் மாட்ட ஓவியங்களை இரவல் தரும் திட்டம் பிறந்தது. அது அறக்கட்டளையாக வளர்ந்தது. கலைஞர்களின் உழைப்பையும் கொடையாளர்களின் பணத்தையும் கொண்டு வளர்ந்தவை இவை. மாத்திரை ஏன் தீர்ந்தது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் நிதி ஒதுக்கீடும் கொள்முதலும். அந்த அதிகாரிகளிடம் கேட்கத் துணிவில்லாமல், வார்டில் பாட வந்தவரை நிறுத்திக் கேட்பது கோழைத்தனம்.

மேல்நாட்டு மோகமாம். பக்கத்து எர்ணாகுளத்தில் அரசுப் பொது மருத்துவமனையில் 2014இல் கொச்சி பினாலே அறக்கட்டளை வாராந்தர இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. கேட்டவர்கள் ஓ.பி. சீட்டோடு வந்த ஏழை எளியவர்கள். இன்னும் அருகே வேண்டுமென்றால் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துக்குப் போகலாம். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரித்து நோயாளியையே முதலில் வைக்கிறது; பிறகுதான் மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். கட்டுரையாளரின் உலகத்தில் நடுவில் உள்ள இரண்டு மட்டுமே இருக்கின்றன. முதலும் கடைசியும் காணாமல் போய்விட்டன.

இடைஞ்சல் என்ற குற்றச்சாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 40 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. அறுவைசிகிச்சைக்கு முன் கோமாளிக் கலைஞர்கள் கூட இருந்த குழந்தைகளுக்குப் பயம் குறைந்தது. குழந்தைகளுக்கு நல்லது என்று ஊழியர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அறுவை அரங்க வேலைக்கு இடையூறு என்று சொல்லி, திட்டத்தைத் தொடர வேண்டாமென்றார்கள் பெரும்பாலானோர். பயந்த குழந்தையைவிட வேலையின் ஒழுங்கு பெரிதாகிப்போன இடம் அது. நம் கட்டுரையாளர் நிற்பதும் அதே இடத்தில்தான்.

போன ஆண்டு என் அம்மாவோடு ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் 19 நாள் இருந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது கூரையில் ஊறிய ஈரக் கறையை. ஓர் இரவு, பக்கத்துக் கட்டிலில் வலி தாங்காமல் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து தாலாட்டுப் பாடத் தொடங்கினார். மெல்ல மெல்ல வார்டு அடங்கியது. ஊசித் தட்டோடு வந்த சிஸ்டர் பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றார். அதுவரை அந்தப் பாட்டியை எல்லாரும் ‘எட்டாம் நம்பர்’ என்றுதான் கூப்பிட்டோம். மறுநாள் காலையில் அந்த சிஸ்டர் அவரிடம் பெயர் கேட்டார்.

1942இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை வைத்த ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோயாளியாகப் படுக்கையில் கிடந்தவர். படுத்தபடியே வரைந்தார், பிறகு உடனிருந்த நோயாளிகளையும் வரைய வைத்தார். இந்தத் திட்டங்களின் உயிர் இதில்தான் இருக்கிறது. அங்கே நோயாளி எதையாவது செய்கிறவராக ஆகிறார்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளரோடு எனக்கு உடன்பாடு. யாரையும் கேட்காமல் சுவரில் பூசும் மட்டமான கார்ட்டூன்களும், நோயாளி உறங்கும் நேரத்தில் அலறும் ஒலிபெருக்கியும் கலை ஆகாது. ஸ்வீடனின் உப்சாலாவில் இதய அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இயற்கைக் காட்சி மனத்தை ஆற்றியது. அரூப ஓவியம் அப்படி ஆற்றவில்லை. எந்தப் படம், எந்தப் பாட்டு, எந்த நேரத்தில் என்று நோயாளியிடம் கேட்டுத் திறமையாகச் செய்ய வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக மருந்துக் கடையை யாரும் இழுத்து மூடுவதில்லை.

டாக்டர், உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரை எழுதுவதற்கு முன், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் வார்டிலேயே ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே படுத்திருப்பவர் பார்ப்பதைப் பாருங்கள். அவர் கேட்பதைக் கேளுங்கள். பாட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமே கேளுங்கள். உங்கள் கட்டுரை முழுவதிலும் நீங்கள் கருத்துக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.