ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் தீருமா?

"நெட் வரலை" என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் மறுமுனையிலிருந்து வரும் முதல் வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம். "சார், ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க." காய்ச்சலா, கால்முறிவா என்று கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கிற கம்பவுண்டர் மாதிரி. இதற்குப் பேர் பழுது பார்ப்பதா?

முதலில் அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடலாம். ரவுட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். வாரக்கணக்கில் ஓடினால் மெமரி நிரம்பும், மென்பொருள் எங்காவது சிக்கிக்கொள்ளும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகும். உண்மைதான். ஆனால் எது கெட்டது, எதனால் சரியானது என்பது யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், பல வீட்டு ரவுட்டர்களில் என்ன நடந்தது என்கிற பதிவும் கரண்ட் போனதும் அழிந்துவிடும். திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வருவதற்கு முன்பே தரையைக் கழுவி விடுவது போலத்தான் இது. மறுநாள் அதே பழுது, அதே போன், அதே மாத்திரை.

சரி, உண்மையில் என்ன கேட்கவேண்டும்? நாலே கேள்விகள்.

ஒன்று, விளக்குகள் எப்படி எரிகின்றன? ஃபைபர் இணைப்பு என்றால் எல்.ஓ.எஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிவப்பு என்றால் இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் ஃபைபர் மடங்கியிருக்கிறதா, கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் லைன்மேன் வந்தே ஆகவேண்டும். நூறு தடவை ஆஃப் ஆன் பண்ணினாலும் அறுந்த கண்ணாடி இழை ஒட்டிக்கொள்ளாது.

இரண்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாகச் சொருகினால் நெட் வருகிறதா? வந்தால் கோளாறு வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அபார்ட்மெண்டில் இருபது வீடுகளும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொண்டால் என்ன ஆகும்? சானலை மாற்றவேண்டும், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகவேண்டும். அது சுவரைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகும் என்பதால் ரவுட்டரை வைக்கும் இடமும் முக்கியம்.

மூன்று, ரவுட்டரின் சொந்த முகவரிக்குப் பிங் போகிறதா? பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். அங்கே பதில் வந்து, வெளியே 8.8.8.8க்குப் போகவில்லை என்றால் கோளாறு ரவுட்டரின் லாகினிலோ கம்பெனியின் பக்கமோ இருக்கிறது.

நான்கு, 8.8.8.8க்குப் பிங் போகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லையா? அப்படியென்றால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ்ஸைப் பார்க்கவேண்டும்.

பத்து நிமிட வேலை. பிறகு ஏன் யாரும் கேட்பதில்லை?

காரணம் கணக்கில் இருக்கிறது. லைன்மேனை அனுப்பினால் கம்பெனிக்குச் செலவு. வாடிக்கையாளரை ஸ்விட்ச் தட்டச் சொன்னால் செலவே இல்லை. ஆனால் செலவு காணாமல் போய்விடுமா என்ன? வேறொருவர் பேரேட்டுக்கு மாறிவிடும், அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடி நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர் 3பி தாக்கல் செய்கிறவர்களுக்குக் கடைசி நாள் 20ம் தேதி. அன்றைக்கு நெட் போனால், வரி கட்டவேண்டிய கடைக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி வேறு. அதைத் தவிர்க்க அவர் மொபைலில் டேட்டா போட்டு வேலையை முடிப்பார். அந்தக் காசு யார் தருவார்கள்?

இன்னொரு தந்திரமும் இதில் ஒளிந்திருக்கிறது. 2006ல் டிராய் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிமுறையிலேயே, பழுது மூன்று வேலைநாட்களுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தரவேண்டும் என்று இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2024ல் வந்த விதிமுறைகளிலும் பழுதை எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்பது ஒரு அளவுகோல். இப்போது ஆஃப் ஆன் பண்ணியதும் அரைமணி நேரம் நெட் வருகிறது. உடனே "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். மறுநாள் போனால் அது புதுப் புகார்! ஐந்து நாள் பழுதை ஐந்து ஒருநாள் பழுதாக எழுதிவிட்டால் கழிவு எங்கிருந்து வரும்?

இதில் "ரீசெட்" கூத்து தனி. ரீஸ்டார்ட்டுக்கும் ரீசெட்டுக்கும் வித்தியாசம் சொல்லாமல் விட, வீட்டிலுள்ள பெரியவர் குண்டூசியை எடுத்துப் பின்பக்கத் துளையில் அழுத்திவிடுவார். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், சில இணைப்புகளில் லாகின் விவரம் உட்பட எல்லாம் காலி. சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும் :-)

கம்பெனிகள் செய்யவேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். எந்த விளக்கு என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு அட்டை அச்சடித்து ரவுட்டரோடு கொடுக்கட்டும். வாடிக்கையாளர் "சரியாகிவிட்டது" என்று சொல்லாமல் புகாரை மூடாமல் இருக்கட்டும்.

அதுவரை வாடிக்கையாளர் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் விளக்குகளை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். 2012ன் புகார் தீர்வு விதிமுறைப்படி புகாருக்கு எண் தந்தாகவேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு. போட்டோவும் எண்ணும் கையிலிருந்தால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கலாம்: "பண்ணிட்டேன் சார், நாலு நாளா பண்ணிட்டுத்தான் இருக்கேன். லைன்மேன் எப்ப வருவார்?"