மீசை யாருடையது?

ஒரு காலத்தில், வத்திராயிருப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்தியத்தேவனை நாற்பது தடவை வரைந்திருப்பேன். எல்லாம் மணியம் காப்பி. 1950-ல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அவர் போட்ட மீசை, அதே குதிரை.

பெரியப்பாவிடம் பெருமையாக நீட்டினேன்.

“மணியம் நல்லா வரைஞ்சிருக்கார். உன் படம் எங்கடா?”

சுருக்கென்றது. கதையை மறுபடி படித்தேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறவன் வீரன் மட்டுமில்லை ஸார்; அவசரக்குடுக்கை, வாயாடி, சமயத்துக்குப் புளுகுவான். அட, எங்க தெரு பால்காரர் மகன்! அவன் முகத்தையே வைத்தேன். மீசை கோணல், குதிரை, கழுதை மாதிரி.

பெரியப்பா உற்றுப் பார்த்தார். “ஏலே, இவன் நம்ம பய இல்லே?”

நாற்பது காப்பியும் எடைக்குப் போச்சு. கோணல் மீசை மட்டும் இன்னும் பீரோவில்!