கிடங்கில் சாகும் உயிர் உரம்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்ற பயிர்களின் வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்கு ஆக்கித் தரும் மண் பாக்டீரியாவே ரைசோபியம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. வேர்முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. பதிலுக்குச் செடியின் சர்க்கரையில் பங்கு பெறுகிறது. முப்பது நாள் செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அந்த முடிச்சால் பயிருக்குப் பயனில்லை.

இந்தப் பாக்டீரியாவை வேர்முடிச்சிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ஹாலந்தின் பெயரிங்க்; ஆண்டு 1888. அடுத்த பத்தாண்டுக்குள் ஜெர்மனியில் அது உயிர் உரமாக விற்பனைக்கே வந்துவிட்டது. பிரேசில் தன் சோயா சாகுபடியைத் தழைச்சத்து உரத்தை நம்பாமல் ரைசோபியத்தை நம்பி வளர்த்தெடுத்தது. விஞ்ஞானி யோஹன்னா டோபெரெய்னர் அதற்காக விடாமல் வாதாடினார். ஆக, இது சோதனை நிலையைத் தாண்டி நூறாண்டுக்கு மேலாகிறது.

காவிரி டெல்டாவில் இதன் தேவை இன்னும் கூடுதல். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தைத் தெளிப்பது இங்குள்ள வழக்கம். ஆடுதுறை 3 இதற்கென்றே வந்த ரகம். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற வயலில் ரைசோபியம் இயல்பாகவே குறைந்திருக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதையில் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தித் தெளிப்பதுதான் பயிருக்குக் கிடைக்கும் முக்கிய முன்னேற்பாடு. அந்தப் பொட்டலத்தில் உயிர் இருந்தாக வேண்டும்.

ஆண்டுத் தேவைக்கான ரைசோபியம் முழுவதையும் கோடைக்கு முன்பே ஒரே தவணையில் வாங்கி இருப்பு வைப்பது என்ற அதிகாரிகளின் முடிவு இடிப்பது இங்கேதான். பங்குனியில் வாங்கிய பொட்டலம் தையில்தான் விவசாயி கைக்கு வரும். இடையில் பத்து மாதம். பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்த ரைசோபியத்தின் ஆயுள் சாதாரணமாக ஆறு மாதம். அதுவும் வெயில் படாத, குளிர்ந்த இடத்தில். இங்கே அது கிடப்பதோ தகரக் கூரைக் கிடங்கில், யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்துப் பெட்டிகளுக்கும் நடுவே. அக்னி நட்சத்திரம் முழுவதும் அங்கேயே. முப்பது டிகிரி வரை செழிக்கும் பாக்டீரியா நாற்பதைத் தாண்டினால் வேகமாக மடியும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். கொள்முதல் நாளில் அந்த எண்ணிக்கை இருந்திருக்கலாம். விதைப்பு நாளில் எத்தனை மிஞ்சின என்று எண்ணிப் பார்ப்பது யார்? கறுப்புத் தூளில் செத்ததும் உயிரோடிருப்பதும் பார்வைக்கு ஒன்றே. விவசாயி கஞ்சி காய்ச்சுகிறார், புரட்டுகிறார், உலர்த்துகிறார். விதையில் ஒட்டுவது வெறும் கரித்தூள். விளைச்சல் ஏறாவிட்டால், உயிர் உரமே ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வருகிறார். அடுத்த ஆண்டு நல்ல பொட்டலமே வந்தாலும் அது பரணுக்குத்தான் போகும். இத்தனைக்கும் சொல்லப்படும் காரணம், ஒரே டெண்டர் என்றால் விலை குறையும், வண்டி வாடகை மிச்சம் என்பது. செத்த சரக்கை மலிவாக வாங்குவதில் என்ன மிச்சம்?

பூஞ்சைக்கொல்லி கலந்த விதையையும் இதே பொட்டலத்தையும் ஒரே கையில் கொடுத்து அனுப்புவது தனிக் கொடுமை. இரண்டுக்கும் நடுவே ஒருநாள் இடைவெளி வேண்டும் என்று சொல்லக்கூட ஆளில்லை. கொண்டைக்கடலைக்கும் பீன்ஸுக்கும் சோயாவுக்கும் வேறு வேறு இன ரைசோபியம் தேவை என்பதைத் தெரிந்துகொள்ள முடிவெடுத்தவர்களுக்கு அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை. உளுந்தும் பாசிப்பயறும் ஒரே இனத்தை ஏற்பது டெல்டாவின் அதிர்ஷ்டம்.

இந்த அதிகாரிகளின் கைவரிசை புதிதல்ல. அசோலா வளர்க்கச் சொல்லி, தண்ணீர் இல்லாத மாதத்தில் தொட்டி கட்டவைத்தார்கள். மானியத்தில் எழுந்த மண்புழு உரக் கொட்டகைகளில் இன்று விறகு அடுக்கியிருக்கிறது. பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை, நடவு முடிந்தபின் வந்து சேர்ந்ததும் உண்டு. ஒவ்வொரு முறையும் இலக்கு எட்டப்பட்டதாகவே அறிக்கை வந்தது. கொடுத்ததற்குக் கணக்கு இருந்தது, முளைத்ததற்கு இல்லை. இப்போதும் எத்தனை பொட்டலம் போனது என்பது வட்டார வாரியாகக் கிடைக்கும். எத்தனை வயலில் முடிச்சு சிவந்தது என்று கேட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

கொள்முதலை விதைப்புப் பருவத்தோடு பொருத்த வேண்டும். கூடுதல் ஆயுள் உள்ள திரவ ரைசோபியத்தைப் பரிசீலிக்கலாம். விவசாயி கைக்குப் போகும் முன் பொட்டலத்தைச் சோதிக்க ஏதேனும் ஓர் ஏற்பாடும் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பது ஆய்வுக்கூடங்களையும் ஆட்களையும் கையில் வைத்திருப்பவர்களின் வேலை. அடுத்த ஆண்டுக்கான டெண்டர் கோடைக்கு முன் போகும் என்பதால், இந்த முடிவைத் திரும்பப் பெற இருக்கும் அவகாசம் அதுவரைதான்.