'எழுத என்கிட்ட என்ன இருக்கு?' - கல்லூரி மாணவர்களின் ரெஸ்யூமேயில் விடுபடும் வரிகள்

இறுதியாண்டு பி.காம் வகுப்பில் 60 பேர் இருந்தால், பெரும்பாலானவர்களின் ரெஸ்யூமே ஒரே வரியில்தான் தொடங்கும். 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்' என்பதன் ஆங்கில வடிவம் அது. சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைலில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றினால் வேறென்ன வரும்? சிலர் அப்பா பெயரை மாற்றக்கூட மறந்துவிடுகிறார்கள்.

'நான் ஃப்ரெஷர். எழுத என்கிட்ட என்ன இருக்கு?' என்பதுதான் இதற்கு மாணவர்கள் சொல்லும் காரணம். கொஞ்சம் பேச்சுக்கொடுத்தால் வேறு கதை வரும்.

மதியத்தோடு கல்லூரி முடிந்து, மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்திருக்கிறார். ரொக்கம், கார்டு, யு.பி.ஐ என மூன்று வரவுகளையும் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டுத்தான் தினமும் வீட்டுக்குக் கிளம்புகிறார். இப்போது அவர் விண்ணப்பிப்பது அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு. ஆனால், ரெஸ்யூமேயில் 'அனுபவம்: இல்லை' என்று இருக்கிறது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் மட்டும் 'கிரிக்கெட், பாட்டு கேட்பது'. கேட்டால், 'அதெல்லாம் ஒரு வேலையா? வீட்டுக் கஷ்டத்துக்காகப் போறேன்' என்பார். வீட்டுக் கஷ்டத்தை யாரும் எழுதச் சொல்லவில்லை. செய்த வேலையை எழுதலாமே!

அதை எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'பகுதிநேர வேலை பார்த்துள்ளேன்' என்றால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'ஜவுளிக்கடை பில்லிங் பிரிவில் 18 மாதங்கள் மாலை நேரப் பணி. தினமும் சுமார் 100 பில்கள். இரவு ரொக்கம், கார்டு, யு.பி.ஐ வரவுகளைச் சரிபார்த்து ஒப்படைத்தல்' என்று எழுதிப் பாருங்கள். கணக்கும் தெரியும், கல்லாவை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். 'ஹார்ட் வொர்க்கிங், ஹானஸ்ட்' என்று தனியாகப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. எண்ணிக்கை மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். 5 மணி நேரத்தில் 500 பில் என்று அளந்துவிட்டால், கடையில் வேலை பார்த்த யாருக்கும் சிரிப்புதான் வரும்.

தறி, ஹோட்டல், மொபைல் கடை, டியூஷன், வார இறுதியில் கேட்டரிங் என எதுவானாலும் இதே கணக்குதான். எங்கே, எவ்வளவு காலம், என்ன வேலை, எவ்வளவு என்ற நான்கும் அந்த வரியில் இருந்தால் போதும்.

என்.எஸ்.எஸ் மாணவர்கள் இன்னும் மோசம். 2 ஆண்டுகளில் 240 மணி நேர சேவை, 7 நாள் சிறப்பு முகாம் எல்லாம் முடித்துவிட்டு, 'என்.எஸ்.எஸ் உறுப்பினர்' என்று இரண்டே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். முகாமில் 50 பேர் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்கி வரவு செலவு எழுதியவர் அதைத்தானே சொல்ல வேண்டும்? பள்ளி விடுமுறையில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களும் அதை மறந்தே போய்விடுகிறார்கள். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலோ, என்.பி.டி.இ.எல் தளத்திலோ படித்த கோர்ஸ் என்றால், பெயரோடு நிறுத்தாமல் அதை வைத்துச் செய்த ஏதாவது ஒன்றையும் சேர்க்கலாம்.

இன்ஜினீயரிங் மாணவர்களின் பிரச்னை புராஜெக்ட். சென்டரில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட்டைப் பெரிய தலைப்போடு போட்டுவிடுகிறார்கள். 'நாலு பேர் சேர்ந்து பண்ணியிருக்கீங்க, இதுல உங்க பங்கு என்ன?' என்ற முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்த பளபளப்பான வரிகளுக்கும் இதே கதிதான். சொந்தமாகச் செய்த சின்ன அட்டெண்டன்ஸ் ஆப் இதைவிட எவ்வளவோ மேல். அதில் எங்கே தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று பத்து நிமிடம் தாராளமாகப் பேசலாம்.

மதிப்பெண்ணில் விளையாடவே கூடாது. கட்ஆஃப் 6.5 என்றால், 6.4-ஐ ஏற்றிப் போடுவது ஆபத்து. சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்தால், கைக்கு வந்த ஆஃபரே போய்விடலாம். அரியரைப் பற்றிக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமே! ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும் என்பதால், சிலவற்றைத் தூக்க வேண்டியதுதான். தனியார் வேலைக்கு அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணைப் போடவே கூடாது. அந்த ஃபைல் யார் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் அரசு விண்ணப்பங்களிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். நிறுவனமே கேட்டால் தவிர அவையும் தேவையில்லை.

டிசைன் விஷயத்திலும் அடக்கம் நல்லது. பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் சாஃப்ட்வேர்தான் படிக்கிறது. இரண்டு பத்தி, டேபிள், ஸ்டார் ரேட்டிங் எல்லாம் அதைக் குழப்பக்கூடும். வேலை விளம்பரத்தில் இருக்கும் வார்த்தை, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததாக இருந்தால், அதே வார்த்தையில் ரெஸ்யூமேயிலும் இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் பி.டி.எஃப்-ஐ வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிடுங்கள். ஃபைல் பெயர் 'ஃபைனல் நியூ 3' என்றில்லாமல் உங்கள் பெயராக இருக்கட்டும். வேலை பார்த்த கடையின் முதலாளியிடமும் ஒரு வார்த்தை, 'அண்ணாச்சி, உங்க நம்பரைக் குடுத்திருக்கேன், போன் வந்தா எடுத்துப் பேசுங்க' என்று சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால், தெரியாத நம்பரைப் பார்த்ததும் 'லோன் வேணாம்மா' என்று கட் செய்துவிடுவார்.